நிலம், கடன், கூட்டுறவு: செங்கல்பட்டிலிருந்து ஜார்ஜியா வரை

சிவாஜிநகர்த் தமிழரிடம் "சொந்த ஊர் எதுங்க?" என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும். வேலூர், ஆர்க்காடு, குடியாத்தம், வந்தவாசி, திருவண்ணாமலை, செங்கல்பட்டு என்று ஏதாவது ஓர் ஊர் வரும். "அங்கே நிலம் நீச்சு ஏதாவது இருக்கா?" என்று அடுத்த கேள்வியைக் கேட்டால்தான் பேச்சு சற்றுத் தயங்கும். "தாத்தா காலத்துலயே எல்லாம் போயிடுச்சு" என்பார்கள் சிலர். "நமக்கு எப்பங்க நிலம் இருந்துச்சு?" என்று சிரிப்பார்கள் வேறு சிலர். இந்த இரண்டாவது பதிலைச் சொல்பவர்களின் வரலாறே இக்கட்டுரையின் பொருள்.

1809-ல் பெங்களூரில் ஆங்கிலேயர் தண்டு அமைத்தபோது பட்டாளத்தோடு வந்த தமிழர் பலவகையினர். வணிகரும் ஒப்பந்தக்காரரும் வந்தார்கள். அவர்களைவிட மிகுதியாக, மண் சுமக்கவும் குதிரை பார்க்கவும் தோல் வேலை செய்யவும் வந்த ஏழை மக்கள் இருந்தார்கள். பிளாக்பள்ளி என்று அன்று வழங்கிய இன்றைய சிவாஜிநகரின் சந்துகளில் குடியேறியவர்களில் பெரும்பகுதியினர் இவர்களே. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை உலுக்கிய தாது வருடப் பஞ்சமும் பல குடும்பங்களை ஊரைவிட்டுக் கிளப்பியது. ஊரில் சொந்தமாக ஒரு காணி இருந்திருந்தால் இவர்களில் எத்தனை பேர் கிளம்பியிருப்பார்கள்?

நம் மலர்களில் கரிகாலனின் கல்லணையைப் பற்றி எழுதியிருக்கிறோம், சோழர் காலத்து ஏரி வாரியங்களைப் பற்றி எழுதியிருக்கிறோம். எழுத வேண்டியதுதான். ஆனால் கல்லணைத் தண்ணீர் பாய்ந்த வயலில் நாற்று நட்டவருக்கு அந்த வயலில் பங்கு உண்டா என்று கேட்டு எழுதியது குறைவு. அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு போனால் அது செங்கல்பட்டில் தொடங்கி, கீழத்தஞ்சை வழியாக, அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம் வரை போகிறது. அங்கே இதே கேள்வியைக் கேட்ட கறுப்பின உழவர்கள் நம் நாட்டிலிருந்து ஒரு வழியைக் கற்றுக்கொண்டார்கள் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி.

தரிசு நிலம் கிடைத்தது, ஏர் கிடைக்கவில்லை

செங்கல்பட்டு மாவட்டத்தின் பொறுப்பு ஆட்சியராக இருந்தவர் திரமென்ஹீர். அம்மாவட்டத்தின் பறையர் மக்கள் நிலை குறித்து 1891-ல் அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். குடியிருக்கும் குடிசை நிற்கும் மண்கூட மிராசுதாருக்குச் சொந்தம், வாங்கிய சிறு கடனுக்காகத் தலைமுறை தலைமுறையாகப் பண்ணையில் கட்டுண்டு கிடக்கிறார்கள், தரிசு நிலம் கேட்டு மனுப் போட்டாலும் மிராசுதாரின் முன்னுரிமை குறுக்கே நிற்கிறது என்பதை அவர் விவரமாகக் காட்டினார். அதன் பயனாக 1892-ல் சென்னை அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்குத் தரிசு நிலங்களை ஒதுக்க வேண்டும். பத்து ஆண்டுகளுக்கு அதை யாருக்கும் விற்கக் கூடாது. அதன்பின் விற்றாலும் அதே வகுப்பினருக்குத்தான் விற்க வேண்டும். இவைதாம் பஞ்சமி நிலங்கள். மாகாணம் முழுவதும் சுமார் 12 லட்சம் ஏக்கர் இப்படி ஒதுக்கப்பட்டதாகப் பொதுவாகச் சொல்லப்படுகிறது.

ஆணை நல்ல ஆணைதான். அப்படியிருந்தும் அந்த நிலங்களில் பெரும்பங்கு இன்று வேறு கைகளில் இருக்கிறதே, ஏன்?

ஒரு குடும்பத்துக்கு இரண்டு ஏக்கர் தரிசு கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். முள்ளை வெட்டிக் கல்லைப் பொறுக்க வேண்டும். ஒரு ஜோடி மாடு வேண்டும், ஏர் வேண்டும், விதை வேண்டும். மழை பொய்த்தால் கிணறு வேண்டும். முதல் விளைச்சல் வரும்வரை வீட்டில் கஞ்சி காய்ச்ச வேண்டும். இதற்கெல்லாம் பணம் யார் தருவார்? அதே மிராசுதார்தான்! வாங்கிய கடனுக்கு ஈடு அதே நிலம். விற்கக் கூடாது என்று சட்டம் சொன்னால் என்ன, குத்தகை என்றும் போக்கியம் என்றும் எழுதிக் கைநாட்டு வாங்கிக்கொண்டால் போயிற்று. பதிவேட்டில் ஒரு பெயர், வயலில் வேறொருவர். பிறகு காலப்போக்கில் பதிவேட்டிலும் பெயர் மாறிவிட்டது. நிலத்தைக் கொடுத்தவர்கள் அதைக் காப்பாற்றும் பணத்தைக் கொடுக்கவில்லை. இந்த ஒரு குறையே பின்வரும் கதை முழுவதும் ஓடுகிறது.

இதற்கிடையில் கோலார் தங்கவயலிலும் ரங்கூனிலும் கூலி வேலை செய்து, சேர்த்த காசில் ஊரில் ஒரு துண்டு நிலம் வாங்கியவர்களும் உண்டு. வட்டியில்லாக் கடன் என்று சொன்னால் அன்றைக்கு அந்த மக்களுக்கு அது ஒன்றுதான்.

கூட்டுறவு வந்தது, யாருக்காக?

உழவனைக் கந்துவட்டியிலிருந்து மீட்க என்ன வழி என்று ஐரோப்பா முழுதும் சென்று ஆராய்ந்தவர் சென்னை மாகாண அதிகாரி பிரெடரிக் நிக்கல்சன். ஜெர்மனியில் ரைபைசன் என்பவர் கிராமத்துக்குக் கிராமம் ஏற்படுத்திய கடன் சங்கங்கள் அவரைக் கவர்ந்தன. 1890-களின் நடுவில் அவர் அளித்த இரண்டு தொகுதி அறிக்கையின் அடியொற்றி 1904-ல் இந்தியக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் மாகாணத்தின் முதல் வேளாண் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவாயிற்று. மைசூர் சமஸ்தானமும் சும்மா இருக்கவில்லை. 1905-லேயே தன் கூட்டுறவுச் சட்டத்தை இயற்றிக்கொண்டது.

ஆனால் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்க ஈடு வேண்டும், இல்லையென்றால் ஜாமீன்தாரர் வேண்டும். சங்கத்தின் நிர்வாகக் குழுவில் உட்கார்ந்திருப்பவர்கள் ஊரின் நிலக்காரர்கள். தன் பண்ணையாள் தன்னிடம் கடன் வாங்காமல் சங்கத்தில் வாங்குவதை எந்த நிலக்காரர் விரும்புவார்? அதனால் சேரிக்குக் கூட்டுறவு எட்டவில்லை.

இதைச் சென்னை அரசு உணர்ந்தது 1920-ஐ ஒட்டித்தான். தொழிலாளர் ஆணையர் என்ற பதவியை உண்டாக்கி, ஒடுக்கப்பட்ட வகுப்பினரின் நலனை அவர் பொறுப்பில் விட்டது. அந்தத் துறை ஆதிதிராவிடர்களுக்கென்றே தனிக் கூட்டுறவுச் சங்கங்களை அமைத்தது. அவற்றின் முக்கியமான வேலை வீட்டுமனை வாங்குவது. சங்கத்தின் மூலம் கடன், அந்தக் கடனில் மனை, தவணை தவணையாகத் திருப்பிச் செலுத்துதல். குடிசை நிற்கும் மண் தன்னுடையது என்றானபின் பண்ணைக்காரர் "காலி பண்ணு" என்று மிரட்ட முடியாது. வயல் இல்லாவிட்டாலும் கூலியைப் பேசி வாங்கும் துணிவு வந்தது. வரலாற்று நூல்களில் இரண்டு வரியில் முடிந்துபோகும் இச்சங்கங்கள் என் கணக்கில் 1892 ஆணையைவிடக் கூர்மையானவை. சொந்தக்காரர் என்ற தகுதியும் அதற்கான பணமும் இங்கே சேர்ந்தே வந்தன. ஆனால் அளவு மிகச் சிறிது. விளைநிலம் வாங்கும் அளவுக்கு அவை வளரவில்லை.

நாற்பது ஏக்கர் என்ற கனவு

அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் முடியும் தறுவாயில், 1865 ஜனவரியில், படைத்தலைவர் ஷெர்மன் கடலோரத்தில் சுமார் 4 லட்சம் ஏக்கர் நிலத்தை விடுதலையான கறுப்பின அடிமைகளுக்குப் பிரித்துக் கொடுக்க ஆணையிட்டார். குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை. அந்த ஆண்டு முடிவதற்குள் குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சன் அதைத் திருப்பி, பழைய முதலாளிகளிடமே கொடுத்துவிட்டார். நம் பஞ்சமி நிலம் கைமாறப் பல பத்தாண்டுகள் ஆயின, அவர்களுக்கோ சில மாதம்தான்!

அப்படியும் அம்மக்கள் விடவில்லை. காசு சேர்த்துத் தாமே நிலம் வாங்கினார்கள். 1920-ல் அமெரிக்காவில் கறுப்பின உழவர்கள் ஏறத்தாழ 9,25,000 பேர் இருந்தார்கள். குத்தகைக்கு உழுதவர்களும் இதில் அடக்கம். 1997 கணக்கெடுப்பில் அது 20,000-க்கும் கீழே போய்விட்டது. நகரங்களுக்குக் குடிபெயர்ந்தது ஒரு காரணம். உயில் எழுதாமல் இறந்த தாத்தாவின் நிலத்துக்குப் பேரன் பேத்திகள் முப்பது பேர் பங்காளிகளாகி, யாரிடமும் தெளிவான பத்திரம் இல்லாமல் போனது இன்னொரு காரணம் (இது நமக்குப் புரியாத விஷயமா என்ன?). பெரிய காரணம் கடன். விவசாயத் துறையின் வட்டாரக் கடன் அலுவலகங்களில் உள்ளூர் வெள்ளைக்கார நிலக்காரர்களின் செல்வாக்கே ஓங்கி இருந்தது. கறுப்பின உழவரின் விண்ணப்பம் காணாமல் போகும், தாமதமாகும், அல்லது கேட்டதில் பாதி வரும்.

விவசாயக் கடனில் தாமதம் என்பது மறுப்பைவிட மோசமானது. மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறந்து குறுவைக்கு நாற்று விட வேண்டிய உழவருக்குச் செப்டம்பரில் கடன் கையில் வந்தால் அது எதற்கு உதவும்? வட்டி மட்டும் ஓடும். ஜார்ஜியாவில் நிலக்கடலை விதைப்பது வசந்த காலத்தில். அங்கே நடந்ததும் இதுவே.

வினோபாவின் நடையும் கிங்கின் வருகையும்

1951 ஏப்ரல் 18 அன்று தெலங்கானாவின் போச்சம்பள்ளியில் ஆச்சார்ய வினோபா பாவேயிடம் அவ்வூர் ஹரிஜன மக்கள் தங்களுக்கு 80 ஏக்கர் இருந்தால் பிழைத்துக்கொள்வோம் என்றார்கள். கூட்டத்தில் இருந்த இராமச்சந்திர ரெட்டி 100 ஏக்கர் தருவதாகச் சொன்னார். பூதானம் பிறந்தது. அடுத்த சில ஆண்டுகளில் அது கிராமதானமாக வளர்ந்தது. தனித்தனி ஆளின் நிலமாக இல்லாமல் ஊராரின் நிலம் முழுவதற்கும் கிராம சபையே உரிமை பெறும். உழுபவர் உழுது பயன்பெறலாம், வெளியாருக்கு விற்க முடியாது. 1957 செப்டம்பரில் நம் மைசூருக்கு அருகில் உள்ள யெல்வாலில் நடந்த மாநாட்டில் நேரு முதல் கம்யூனிஸ்ட் முதல்வர் ஈ.எம்.எஸ். வரை பல கட்சித் தலைவர்களும் கிராமதானத்தை ஆதரித்தார்கள். மைசூருக்குச் சுற்றுலாப் போகிறவர்கள் யெல்வாலைத் தாண்டித்தான் குடகுக்குப் போகிறார்கள். அந்த ஊருக்கு இப்படி ஒரு வரலாறு உண்டென்று பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

தமிழ்நாட்டில் இந்த இயக்கத்தை முன்னெடுத்தவர் சங்கரலிங்கம் ஜெகந்நாதன். 1950-ல் அவரை மணந்தவர் கிருஷ்ணம்மாள். பட்டிவீரன்பட்டியில் தலித் குடும்பத்தில் பிறந்து, அந்தக் காலத்திலேயே பட்டம் பெற்றவர். மணமான சில காலத்திலேயே கணவர் வினோபாவோடு வடக்கே நடக்கப் போய்விட்டார். இவர் சென்னையில் ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு அந்த நடையில் சேர்ந்துகொண்டார்.

1959 பிப்ரவரி, மார்ச்சில் மார்ட்டின் லூதர் கிங் தம் துணைவியார் கொரெட்டாவுடன் இந்தியா வந்தார். சென்னை, மதுரைப் பக்கம், திருவனந்தபுரம் என்று சுற்றியவர் நம் பெங்களூருக்கும் வந்து சென்றார். பயணத்தின் இறுதியில் வினோபாவையும் நேரில் சந்தித்தார். கேரளத்துப் பள்ளியொன்றில் தலைமையாசிரியர் தம்மை அமெரிக்காவிலிருந்து வந்த தீண்டப்படாதவர் என்று அறிமுகப்படுத்தியதையும், முதலில் அதிர்ந்து பின் அது உண்மைதான் என்று தாம் ஒப்புக்கொண்டதையும் கிங் பிற்காலத்தில் ஒரு சொற்பொழிவில் விவரித்திருக்கிறார். இரு நாட்டு மக்களின் நிலையும் ஒன்றே என்று கிங் கண்டது அப்போது.

அந்த ஒப்புமை வெறும் பேச்சாக நிற்கவில்லை. ரால்ஃப் போர்சோடி என்ற அமெரிக்க அறிஞர் இந்தியாவில் சில காலம் தங்கிக் கிராமதானத்தை நேரில் அறிந்தவர். அவரும் ராபர்ட் ஸ்வான் என்பவரும் 1967-ல் ஓர் அமைப்பைத் தொடங்கி, இந்த முறையை அமெரிக்காவுக்கு எப்படிக் கொண்டுபோவது என்று ஆராய்ந்தார்கள். ஜார்ஜியாவின் ஆல்பனி நகரில் உரிமைப் போராட்டம் நடத்திய சார்லஸ் ஷெராட், ஸ்லேட்டர் கிங் ஆகியோர் இவர்களோடு கைகோத்தனர். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்த குற்றத்துக்காகக் குத்தகை உழவர்களை முதலாளிகள் நிலத்தைவிட்டு விரட்டிக்கொண்டிருந்த காலம் அது. இஸ்ரேலில் நிலத்தைப் பொதுவில் வைத்துக் குத்தகைக்கு விடும் முறையை 1968-ல் நேரில் சென்று பார்த்தார்கள். இந்தக் கிராமதானக் கருத்தும் இஸ்ரேல் அனுபவமும் சேர்ந்து 1969-ல் ‘நியூ கம்யூனிட்டீஸ்’ என்ற பெயரில் ஜார்ஜியாவின் லீ வட்டாரத்தில் உருவெடுத்தன. சுமார் 5,700 ஏக்கர்! அன்றைய அமெரிக்காவில் கறுப்பின மக்கள் கையில் இருந்த மிகப்பெரிய ஒற்றை நிலப்பரப்பு அது. நிலம் அறக்கட்டளைக்கு, உழைப்பும் விளைச்சலும் மக்களுக்கு. நிலக்கடலை, சோளம், சோயா, காய்கறி பயிரிட்டார்கள், பன்றி வளர்த்தார்கள், நெடுஞ்சாலை ஓரத்தில் கடை போட்டார்கள்.

வருந்தத்தக்கது, ஸ்லேட்டர் கிங் அதே 1969-ல் கார் விபத்தில் இறந்துபோனார். கூட்டாட்சி அரசு தருவதாக இருந்த பெரிய மானியத்தை மாநில ஆளுநர் லெஸ்டர் மாடக்ஸ் தடுத்துவிட்டார். நிலம் வாங்கிய கடன் முழுவதும் பண்ணையின் தலையில் விழுந்தது.

அதே ஆண்டில் மிசிசிப்பியில் ஃபேனி லூ ஹேமர் என்ற அம்மையார் ‘ஃப்ரீடம் ஃபார்ம்’ கூட்டுறவைத் தொடங்கினார். அவரிடம் ஒரு பன்றி வங்கி இருந்தது. ஒரு குடும்பத்துக்குப் பெண்பன்றி ஒன்றைக் கொடுப்பார்கள். அது ஈன்றதும் இரண்டு குட்டிகளை வங்கிக்குத் திருப்ப வேண்டும், அவை அடுத்த குடும்பத்துக்குப் போகும். நம் ஊரில் மாட்டையும் ஆட்டையும் வாரத்துக்கு விடுவது போலத்தான். ஒரு வேறுபாடு: வாரத்துக்கு விட்டால் கன்று பணக்காரர் தொழுவத்துக்குத் திரும்பும், இங்கே அடுத்த ஏழையின் வீட்டுக்குப் போகிறது. இப்பண்ணையும் 1970-களின் நடுப்பகுதியைத் தாண்டவில்லை. நன்கொடை நின்றதும் நிலவரியும் கடன் தவணையும் கட்ட முடியாமல் போயிற்று.

வெண்மணிக்குப் பிறகு

1968 டிசம்பர் 25 இரவு கீழத்தஞ்சையின் கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் தஞ்சம் புகுந்த 44 பேர் தீயில் மாண்டார்கள். பெண்களும் குழந்தைகளுமே அதிகம். கூலி உயர்வு கேட்டதும் சங்கம் வைத்ததுமே அவர்கள் செய்தவை. அதுவரை கிராமதான வேலையில் இருந்த ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் கீழத்தஞ்சைக்கே வந்து தங்கிவிட்டார்கள். நில உச்சவரம்புச் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது, 1970-ல் உச்சவரம்பு 15 ஏக்கராகவும் குறைந்தது. இருந்தாலும் அறக்கட்டளை பெயரிலும் பினாமி பெயரிலும் நிலம் பத்திரமாக இருந்தது. சத்தியாக்கிரகம், சிறை, மீண்டும் சத்தியாக்கிரகம் என்று 1970-கள் ஓடின.

அந்தப் பத்தாண்டு அவர்களுக்குக் கற்பித்தது, தானம் மட்டும் போதாது, போராட்டம் மட்டும் போதாது, வாங்குவதற்குப் பணமும் வேண்டும் என்பது. 1981-ல் ‘லாப்டி’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். உழுபவரின் விடுதலைக்கு நிலம் என்பது அதன் ஆங்கிலப் பெயரின் பொருள். அதன் வழிமுறை எளியது. சென்னையிலோ திருச்சியிலோ குடியேறிவிட்டு, ஊர் நிலத்தைப் பார்த்துக்கொள்ள முடியாமல் விற்க விரும்பும் நிலக்காரர்கள் இருந்தார்கள். அவர்களையும் நிலமற்ற தொழிலாளர்களையும் ஒரே இடத்தில் உட்கார வைத்து விலை பேசுவது. வங்கியிடமும் அரசிடமும் கடன் ஏற்பாடு செய்வது. குடும்பத்துக்கு ஒரு ஏக்கர், அதாவது தஞ்சைக் கணக்கில் சுமார் மூன்று மா, பெண்ணின் பெயரில் பதிவு செய்வது. சேர்ந்து உழைத்துக் கடனை அடைப்பது.

சொல்லும்போது எளிது. வங்கிகள் முதலில் கையை விரித்தன. ஈடு இல்லை, ஜாமீன் இல்லை, நிலமற்றவர் எப்படித் திருப்பிக் கட்டுவார் என்றன. பத்திரப் பதிவுக்கு முத்திரைத்தாள் கட்டணம் ஏழைக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. ஒரு ஏக்கர் வாங்குகிறவருக்கு அந்தக் கட்டணமே இன்னொரு சிறு கடன். கிருஷ்ணம்மாள் அலுவலகம் அலுவலகமாக நடையாய் நடந்தார். இந்த நடையைப் பற்றி யாரும் கவிதை எழுதவில்லை. வினோபாவின் பாதயாத்திரையைவிட இது குறைந்த நடை என்று எனக்குத் தோன்றவில்லை. 2007-க்குள் சுமார் 13,000 குடும்பங்களுக்குச் சுமார் 13,000 ஏக்கர் இப்படிக் கைமாறியது. ஓய்வுக் காலத்தில் வருமானம் வரப் பாய் நெசவு, தச்சு, தையல் பயிற்சிகளும் நடந்தன.

பெண் பெயரில் பதிவு என்பதை நாம் சாதாரணமாகக் கடந்து போய்விடக் கூடாது. ஆண் பெயரில் இருந்தால் ஒரு திருவிழாச் செலவுக்கோ சாராயக் கடனுக்கோ பத்திரம் அடகுக்குப் போகும். பெண் பெயரில் இருந்தால் அவ்வளவு எளிதில் போகாது. வெண்மணிக்கு அருகில் அண்டை அயலில் கூலிக்கு நட்ட பெண்களே பின்னால் பட்டாதாரர் ஆனார்கள்.

1990-களில் வேறொரு ஆபத்து வந்தது. கடலோரத்தில் இறால் பண்ணை முதலாளிகள் நிலத்தை வாங்கிக் குவித்து உப்புநீரைப் பாய்ச்சினார்கள். பக்கத்து ஏழையின் ஒரு ஏக்கரும் உவராகிவிட்டது. ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடலோர ஒழுங்குமுறைப் பகுதியில் இருந்த அத்தகைய பண்ணைகளை அகற்ற உத்தரவிட்டது. 2008-ல் இருவருக்கும் சரியான வாழ்வாதார விருது என்னும் பன்னாட்டு விருது கிடைத்தது. ஜெகந்நாதன் 2013-ல் மறைந்தார். கிருஷ்ணம்மாளுக்கு 2020-ல் பத்மபூஷண் அறிவிக்கப்பட்டது.

ஜார்ஜியாவில் என்ன ஆயிற்று

அங்கே 1970-களின் இறுதியில் வறட்சி தொடர்ந்தது. மற்ற உழவர்களைப் போல நியூ கம்யூனிட்டீஸ் பண்ணையும் அவசரக் கடன் கேட்டது. உடனே கிடைக்கவில்லை. சுமார் மூன்று ஆண்டுகள் இழுத்தடித்து, கடுமையான நிபந்தனைகளோடு வந்தது. அதற்குள் வட்டி ஏறிவிட்டது. 1985-ல் அந்த 5,700 ஏக்கரும் ஏலத்தில் போயிற்று.

கறுப்பின உழவர்கள் சேர்ந்து விவசாயத் துறைமீது தொடுத்த பிக்ஃபோர்ட் வழக்கு 1999-ல் உடன்பாட்டில் முடிந்தது. கடன் கொடுப்பதில் நிறபேதம் காட்டப்பட்டதற்கான இழப்பீடு 100 கோடி டாலரைத் தாண்டியது. அதன் தொடர்ச்சியாக 2009-ல் நியூ கம்யூனிட்டீஸுக்குச் சுமார் 1.2 கோடி டாலர் தீர்ப்பாயிற்று. நிலம் போய் 24 ஆண்டு. 2011-ல் அந்தப் பணத்தில் ஆல்பனிக்கு அருகே 1,638 ஏக்கர் தோட்டம் ஒன்றை வாங்கினார்கள். ஒரு காலத்தில் ஜார்ஜியாவிலேயே மிகப் பெரிய அடிமை முதலாளி ஒருவருக்குச் சொந்தமாக இருந்த தோட்டம் அது! சார்லஸ் ஷெராட் அந்த மண்ணைக் கண்டுவிட்டுத்தான் 2022-ல் கண்மூடினார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். 2021-ல் அமெரிக்க நாடாளுமன்றம் நிறபேதத்துக்கு ஆளான உழவர்களின் கடனைத் தள்ளுபடி செய்ய ஏறத்தாழ 400 கோடி டாலர் ஒதுக்கியது. வெள்ளை உழவர்கள் நீதிமன்றம் போய்த் தடை வாங்கினார்கள். 2022-ல் அந்தப் பிரிவே நீக்கப்பட்டு, எந்த இனத்தவராயினும் பாகுபாட்டுக்கு ஆளானதைக் காட்டினால் உதவி என்று மாற்றப்பட்டது. 2024-ல் சுமார் 43,000 பேருக்கு அந்த உதவி போய்ச் சேர்ந்தது.

நாம் வாழும் மாநிலமும் நாம் விட்டுவந்த மாநிலமும்

கர்நாடகம் இதில் ஒரு படி முன்னே நிற்கிறது என்பதை இங்கே வாழும் நாம் சொல்லத்தான் வேண்டும். 1978-ல் இயற்றப்பட்ட பி.டி.சி.எல். சட்டம், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அரசு வழங்கிய நிலத்தை நிபந்தனையை மீறியோ முன் அனுமதி இல்லாமலோ விற்றால் அந்த விற்பனை செல்லாது என்கிறது. உதவி ஆணையர் நிலத்தை மீட்டு உரியவரிடம் கொடுக்கலாம். 1984-ல் உச்ச நீதிமன்றம் இச்சட்டம் செல்லும் என்றது. ஆனால் 2017-ல் அதே நீதிமன்றம், நியாயமான காலத்துக்குள் மனுப் போட வேண்டும் என்று கூறியதால் பல பழைய மனுக்கள் தள்ளுபடியாயின. 2023-ல் சட்டமன்றம் திருத்தம் கொண்டுவந்து, மீட்பு மனுவுக்குக் காலவரம்பு இல்லை என்று தெளிவாக்கியது. பெங்களூரைச் சுற்றி நிலத்தின் விலை ஏறிய ஏற்றத்தில் இந்தத் திருத்தம் எத்தனை குடும்பங்களுக்கு உயிர்நாடி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் பஞ்சமி நிலத்துக்கு இப்படித் தனிச் சட்டம் இல்லை. 1892 ஆணையின் நிபந்தனையை வைத்தே வாதாட வேண்டியிருக்கிறது. 1994 அக்டோபரில் காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்துக்காகச் செங்கல்பட்டில் நடந்த போராட்டத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தனர். திரமென்ஹீர் அறிக்கை எழுதிய அதே மாவட்டம், நூறு ஆண்டு கழித்து. மறுபக்கம், 1974-ல் தொடங்கிய தாட்கோ நிறுவனம் நிலமற்ற ஆதிதிராவிடப் பெண்கள் விளைநிலம் வாங்கக் கடனும் மானியமும் தருகிறது. 2023-ல் இது நன்னிலம் என்ற பெயரில் புதுப்பிக்கப்பட்டது: விலையில் பாதி அல்லது 5 லட்சம் ரூபாய் வரை மானியம், முத்திரைத்தாள் கட்டணமும் பதிவுக் கட்டணமும் கிடையாது. கிருஷ்ணம்மாள் எந்தக் கட்டணத்துக்காக நடையாய் நடந்தாரோ அதே கட்டணம்!

இதையெல்லாம் படித்துவிட்டு "நமக்கென்ன, நாம் பெங்களூர்க்காரர் ஆகிவிட்டோமே" என்று சிலர் நினைக்கலாம். ஆனால் தண்டிலும் தங்கவயலிலும் உழைத்த பல பாட்டன்களின் பெயர் ஏதோ ஒரு கிராமப் பதிவேட்டில் இன்னும் இருக்கக்கூடும். பொங்கலுக்கு ஊர் போகும்போது கிராம நிர்வாக அலுவலரிடம் ‘அ’ பதிவேட்டைப் பார்க்கக் கேளுங்கள். குறிப்புக் கலத்தில் ‘டி.சி.’ என்றோ நிபந்தனை ஒப்படை என்றோ எழுதியிருந்தால் அது பஞ்சமி நிலமாக இருக்க வாய்ப்புண்டு. அங்கே இல்லையென்றாலும் விட்டுவிட வேண்டாம். 1980-களில் யு.டி.ஆர். என்னும் பதிவு மேம்பாட்டுத் திட்டம் நடந்தபோது பல பழைய குறிப்புகள் விடுபட்டுப் போயின. அதற்கு முந்தைய நிலவரித் திட்டப் பதிவேட்டின் நகலை வட்டாட்சியர் அலுவலகத்தில் மனுப் போட்டுக் கேட்கலாம். சர்வே எண், பாட்டனார் பெயர், அவருடைய தகப்பனார் பெயர் மூன்றையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போனால் வேலை சுலபம்.